‘சாவா மூவா ஆடு’ முதல் ஹார்வர்டு நிதி வரை: ராஜராஜன் கல்வெட்டு உங்க எஸ்.ஐ.பி-க்குச் சொல்லும் பாடம் என்ன?

“ஹார்வர்டு, யேல் பல்கலைக்கழகங்கள் முதலீடு செய்யும் அதே முறையில் நீங்களும் முதலீடு செய்யலாம்!” இப்படி ஒரு விளம்பரம் உங்க போனிலும் வந்திருக்கலாம். பிரைவேட் ஈக்விட்டி, ஸ்டார்ட்அப் ஃபண்ட், வணிக வளாகத்தில் பங்கு என்று பெயர்கள் எல்லாம் கவர்ச்சியாகத்தான் இருக்கும். முதல் ஐந்து லட்சத்தைச் சேர்த்து வைத்துவிட்டு, ‘அடுத்து என்ன?’ என்று யோசிக்கும் 27 வயதுக்காரருக்கு இது நல்ல தூண்டில்.

அந்தப் பல்கலைக்கழகங்கள் உண்மையில் எப்படி முதலீடு செய்கின்றன? அது நமக்குப் பொருந்துமா? இதைப் புரிந்துகொள்ள பாஸ்டன் வரைக்கும் போக வேண்டியதில்லை. தஞ்சாவூர் பெரிய கோயில் சுவரிலிருந்தே தொடங்கலாம்.

எண்டோமென்ட் என்றால் என்ன?

சிம்பிளா சொன்னா, ‘முதலைத் தொடாதே, வருமானத்தை மட்டும் செலவு செய்’ என்ற நிபந்தனையோடு ஒதுக்கப்பட்ட பணம்தான் எண்டோமென்ட். நம்ம ஊர் வழக்கில் அறக்கட்டளை நிதி, வைப்பு நிதி, கட்டளை. கோயில் திருவிழா அழைப்பிதழில் ‘இன்று மண்டகப்படி, இன்னார் கட்டளை’ என்று படித்திருப்பீர்களே, அந்தக் கட்டளைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நிலமோ டெபாசிட்டோ இருக்கும். அதன் வருமானத்தில் ஆண்டுதோறும் அந்தச் செலவு நடக்கும். கொடுத்தவர் காலமான பிறகும் நடக்கும்.

ஹார்வர்டு நிதியும் இதே வகைதான். அளவுதான் வேறு. 2025 ஜூன் மாத நிலவரப்படி அதன் மதிப்பு 5,690 கோடி டாலர். அதுவும் ஒரே குவியல் கிடையாது. பல தலைமுறை நன்கொடையாளர்கள் தனித்தனி நோக்கத்துக்குக் கொடுத்த ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன நிதிகளின் தொகுப்பு.

அந்தத் தொகுப்பில் நம்ம பங்கும் இருக்கிறது. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்குத் தேவைப்பட்ட தொகை 60 லட்சம் டாலர். அமெரிக்கவாழ் தமிழ் மருத்துவர்கள் இருவர் தொடங்கிவைக்க, உலகத் தமிழர்கள் பணம் அனுப்பினார்கள். 2017-ல் தமிழக அரசு 10 கோடி ரூபாய் அறிவித்தது. 2018-ல் இலக்கு நிறைந்தது. ‘ஒரு பேராசிரியர் சம்பளத்துக்கு எதுக்கு இவ்வளவு பணம்?’ என்று அப்போது பலர் கேட்டார்கள். விடை எண்டோமென்ட் கணக்கில் இருக்கிறது. 60 லட்சம் டாலரில் ஆண்டுக்கு 5% எடுத்தால் 3 லட்சம் டாலர். அதுதான் செலவுக்கு. மீதி அப்படியே இருந்து வளர வேண்டும், ஏனென்றால் இருக்கை என்பது ‘என்றென்றைக்கும்’ என்ற வாக்குறுதி.

1,000 ஆண்டுக்கு முந்தைய ‘போர்ட்ஃபோலியோ’

1010-ல் கட்டி முடிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பலரும் வரலாறாகப் படிக்கிறார்கள். ஒரு ஃபண்டு மேனேஜர் படித்தால் அவருக்கு அது கணக்குப் புத்தகமாகத் தெரியும்.

முதலில் பணம். ராஜராஜனும், அவர் அக்கா குந்தவையும், அதிகாரிகளும் கோயிலுக்குக் காசு கொடுத்தார்கள். அந்தக் காசு பெட்டியில் தூங்கவில்லை. காவிரிப் படுகையின் பல ஊர்ச் சபைகளுக்குக் கடனாகப் போனது. வட்டி விகிதம், ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு. அதாவது எட்டில் ஒரு பங்கு, 12.5%. 100 காசு வாங்கிய ஊர் ஆண்டுக்கு 12.5 காசு கட்ட வேண்டும். முதலைத் திருப்பிக் கேட்பதில்லை. சூரியனும் சந்திரனும் உள்ளவரை வட்டி வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

இதில் ஒரு சுவாரஸ்யமான அம்சம் உண்டு. சில ஊர்கள் வட்டியைக் காசாகக் கட்டாமல் நெல்லாக அளந்தன. சாமிக்குப் படைக்கச் சோறு வேண்டும். அதற்கு நெல் வேண்டும். காசின் மதிப்பு நாளைக்கு ஏறினாலும் இறங்கினாலும் கோயிலுக்கு வர வேண்டிய நெல்லின் அளவு மாறாது. எந்தப் பொருளில் செலவோ அந்தப் பொருளிலேயே வருமானம். இன்றைய நிதி மொழியில் இதற்குப் பெயர் பணவீக்கப் பாதுகாப்பு.

அடுத்து ஆடு. கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் தேவை. அதற்கு 96 ஆடுகளை ஓர் இடையரிடம் ஒப்படைத்தார்கள். ஆடு இல்லையென்றால் 48 பசு. அதுவும் இல்லையென்றால் 16 எருமை. எது இருந்தாலும் வர வேண்டியது அதே ஓர் உழக்கு நெய். யாரிடம் எத்தனை கால்நடை விடப்பட்டது என்பது பெயரோடு கல்லில் வெட்டப்பட்டது.

இந்த ஆடுகளுக்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் வைத்த பெயர் ‘சாவா மூவா பேராடு’. சாகாத, கிழடாகாத ஆடு. அப்படியோர் ஆடு உலகத்தில் கிடையாது. கிழ ஆடு சாகும், குட்டி பிறக்கும். ஆனால் மந்தையின் எண்ணிக்கை 96-க்குக் கீழே போகக் கூடாது. பாலையும் நெய்யையும் எடுத்துக்கொள்ளலாம், மந்தையைக் கரைக்கக் கூடாது. எண்டோமென்ட் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை எந்த நிதிப் பாடப்புத்தகமும் தரவில்லை.

படிப்புக்கும் கட்டளை உண்டா?

உண்டு. விழுப்புரம் மாவட்டம் எண்ணாயிரத்தில் உள்ள முதலாம் ராஜேந்திரன் காலக் கல்வெட்டு ஒரு கல்விக்கூடத்தின் பட்ஜெட் மாதிரியே இருக்கிறது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள், யாருக்கு எவ்வளவு நெல் என்ற கணக்கு, அதற்காக ஒதுக்கப்பட்ட நிலம் எல்லாம் அதில் இருக்கிறது. புதுச்சேரி அருகே திருபுவனையில் இன்னொன்று: 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள். அவை வேதக் கல்விக்கானவை, எல்லாருக்கும் திறந்த பள்ளிகள் அல்ல. ஆனால் ‘கல்விச் செலவை ஒரு நிலையான முதலின் வருமானத்தில் நடத்துவது’ என்ற ஏற்பாடு இங்கே ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதிவைக்கப்பட்டது என்பது முக்கியம்.

இன்னொரு தகவல். யேல் பல்கலைக்கழகத்தின் பெயர் வந்த வழியும் நம்ம கடற்கரைதான். எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். இங்கே சம்பாதித்துப் பெரும் பணக்காரராக ஊர் திரும்பியவர், அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரிக்கு 9 பொதி சரக்கும் 417 புத்தகங்களும் மன்னர் முதலாம் ஜார்ஜின் ஓவியமும் அனுப்பினார். 1718-ல் கல்லூரி அவர் பெயரை எடுத்துக்கொண்டது. அவருடைய பணத்துக்கும் அடிமை வணிகத்துக்கும் இருந்த தொடர்பு இன்றுவரை பேசப்படுகிறது.

‘யேல் மாடல்’ என்றால் என்ன?

1985-ல் டேவிட் ஸ்வென்சன் என்ற 31 வயதுக்காரர் யேல் நிதியின் பொறுப்பை ஏற்றார். அப்போது நிதியில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அமெரிக்கப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் ரொக்கத்திலும் இருந்தது. ஸ்வென்சன் ஒரு கேள்வி கேட்டார்: ‘நம்ம பல்கலைக்கழகம் நூறு வருடம் கழித்தும் இருக்கும். அப்புறம் எதுக்கு நாளைக்கே விற்கக்கூடிய சொத்தாக வாங்கணும்?’

பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத கம்பெனிகள், புதிய தொழில்களுக்கு முதல் போடும் வென்ச்சர் ஃபண்டுகள், ரியல் எஸ்டேட், காடு என்று பணத்தைத் திருப்பினார். சட்டென்று விற்க முடியாத சொத்தை வைத்துக்கொண்டு பொறுமையாக இருப்பவருக்குக் கூடுதல் வருமானம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. பின்னாளில் நிதியில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட சொத்துகளாகவே ஆனது. பொறுப்பேற்றபோது சுமார் 100 கோடி டாலராக இருந்த நிதி, 2020 ஜூனில் 3,120 கோடி டாலர். இடையில் ஆண்டுதோறும் பல்கலைக்கழகச் செலவுக்கும் பணம் கொடுத்துவந்தது. ஸ்வென்சன் 2021 மே மாதம் காலமானார். மற்ற பல்கலைக்கழகங்கள் பலவும் அந்த வழியில் இறங்கியிருந்தன.

விளம்பரங்கள் சொல்வது இந்தப் பாதிக் கதையைத்தான். மீதிப் பாதி இதோ.

அணை வற்றினால் என்ன ஆகும்?

2008 நிதி நெருக்கடியில் ஹார்வர்டு நிதி ஒரே நிதியாண்டில் 27.3% நஷ்டம் கண்டது. 3,690 கோடி டாலர் 2,600 கோடியாகச் சுருங்கியது. யேலுக்கு 24.6% நஷ்டம். நஷ்டத்தைவிடப் பெரிய தலைவலி வேறு: கையில் ரொக்கம் இல்லை. சொத்து மதிப்பு காகிதத்தில் இருந்தது, சம்பளத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. ஹார்வர்டு 250 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. ஆல்ஸ்டன் பகுதியில் கட்டிக்கொண்டிருந்த அறிவியல் வளாகப் பணி நடுவில் நின்றது. உலகத்திலேயே பணக்காரப் பல்கலைக்கழகம் கடன் வாங்கிச் சமாளித்தது.

2025-ல் மறுபடியும் ஒரு சோதனை. அமெரிக்க அரசு ஹார்வர்டுக்கான 220 கோடி டாலர் ஆராய்ச்சி மானியத்தை முடக்கியபோது, ‘அதான் அவ்வளவு பணம் இருக்கே, எடுத்துச் செலவு பண்ண வேண்டியதுதானே?’ என்று கேட்டவர்கள் பலர். பெரும்பகுதி நன்கொடையாளர் நிபந்தனைக்கு உட்பட்டது. தமிழ் இருக்கைப் பணத்தை எடுத்து ஆய்வகத்துக்குச் செலவு செய்ய முடியாது. அதே ஆண்டு யேல் தன் பிரைவேட் ஈக்விட்டி முதலீட்டில் ஒரு பகுதியை விற்க முன்வந்தது.

இன்னொரு விஷயம். எல்லாப் பல்கலைக்கழகமும் யேல் கிடையாது. நூற்றுக்கணக்கான அமெரிக்கக் கல்வி நிதிகளை வைத்து ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கெடுப்பில், 2024 ஜூன் வரையிலான பத்து ஆண்டு சராசரி வருமானம் 6.8%தான். அந்தப் பத்து ஆண்டில் அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடு அதைவிட அதிகம் தந்தது. பாதையைக் காப்பியடித்தவர்களுக்கு ஸ்வென்சனின் ஆட்களும் தொடர்புகளும் கிடைக்கவில்லை.

டெல்டாவுக்குள்ளேயே ஒரு பாடம்

கொள்ளிடத்தைத் தாண்டினால் சிதம்பரம். 1929-ல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 20 லட்சம் ரூபாய் கொடுக்க, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. அந்தக் காலத்து 20 லட்சம் என்பது மலைப்பான தொகை. ஒரு தனிமனிதரின் கொடையில் பிறந்த பல்கலைக்கழகம், பல தலைமுறை டெல்டா பிள்ளைகளின் முதல் பட்டத்துக்குக் காரணமாக இருந்தது.

2012-13-ல் அது கடும் நிதி நெருக்கடியில் சிக்கியது. வரவு தாங்க முடியாத அளவுக்கு ஊழியர் எண்ணிக்கை ஏறியிருந்ததுதான் முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது. ஊழியர் போராட்டம் வெடித்தது. 2013-ல் தமிழக அரசு நிர்வாகியை நியமித்து, தனிச் சட்டம் கொண்டுவந்து, பல்கலைக்கழகத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. உபரி ஊழியர்கள் பலர் மற்ற அரசுத் துறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

இதில் பங்குச் சந்தைச் சரிவு எதுவும் கிடையாது. மாதாமாதம் தவறாமல் வரும் செலவு, வரவைத் தாண்டி ஓடியது. அவ்வளவுதான். முதலீட்டில் எவ்வளவு சாமர்த்தியம் காட்டினாலும் இந்த ஓட்டையை அடைக்க முடியாது. சம்பளம் ஏறும் முன்பே இ.எம்.ஐ ஏறிவிடும் வீடுகளுக்கும் இது பொருந்தும்.

இந்திய அறக்கட்டளைகள் ஏன் யேல் மாதிரி செய்வதில்லை?

சட்டம் ஒரு காரணம். வரிவிலக்கு வேண்டும் அறக்கட்டளைகள் எங்கே பணம் போடலாம் என்பதை 1961 வருமான வரிச் சட்டத்தின் 11(5) பிரிவு பட்டியல் போட்டது: அரசுப் பத்திரம், அஞ்சலகச் சேமிப்பு, வங்கி டெபாசிட், மியூச்சுவல் ஃபண்ட், அசையாச் சொத்து இப்படி. தனியார் கம்பெனிப் பங்கை நேரடியாக வாங்க பொதுவாக இடமில்லை. ஆண்டு வருமானத்தில் 85% அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது இன்னொரு விதி.

விளைவு? நிறைய அறக்கட்டளைப் பணம் எஃப்.டி-யில் இருக்கிறது. வட்டி முழுவதும் செலவாகிறது. முதல் அப்படியே இருக்கிறது, ஆனால் அதன் வாங்கும் சக்தி கரைகிறது. விலைவாசி ஆண்டுக்கு 6% ஏறினால், 12 ஆண்டில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். பள்ளிகளில் ‘முதல் மாணவருக்கு ரூ.100 பரிசு’ என்ற பழைய கட்டளைகளைப் பார்த்திருப்பீர்கள். ஏற்படுத்தியபோது அது பெரிய பணம். இன்று ஒரு வேளை சாப்பாட்டுக் காசு. ஆடு சாகவில்லை. ஆனால் இளைத்துவிட்டது.

நிலைமை கொஞ்சம் மாறுகிறது. 2024-ல் சென்னை ஐஐடி-க்கு முன்னாள் மாணவர் ஒருவர் 228 கோடி ரூபாய் கொடுத்தார். இதுபோன்ற தொகைகள் வரவர, ‘வாங்கினோம், செலவழித்தோம்’ என்பதைத் தாண்டி நிதி நிர்வாகம் பற்றிய பேச்சும் இங்கே வந்தே ஆக வேண்டும்.

சரி, நமக்கு என்ன பாடம்?

1. உங்க 96 ஆடு எது என்று முடிவு பண்ணுங்க

எல்லாச் சேமிப்பும் ஒன்றல்ல. பைக் வாங்கச் சேர்ப்பது வேறு, தொடவே கூடாத மந்தை வேறு. மாதச் சம்பளக்காரர்களுக்குத் தயாராக இருக்கும் மந்தை பி.எஃப். வேலை மாறும்போதெல்லாம் அதை எடுத்துச் செலவழிப்பவர்கள், ஒவ்வொரு தடவையும் தாய் ஆட்டையே பிரியாணி போடுகிறார்கள். வேலை மாறினால் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள், மூடாதீர்கள்.

2. வரும் தண்ணியை எல்லாம் திறந்துவிடாதீங்க

பல்கலைக்கழகங்களிடமிருந்து கற்க வேண்டிய மிகப்பெரிய பாடம், எதை வாங்கினார்கள் என்பதைவிட எப்படிச் செலவு செய்தார்கள் என்பதுதான். டெல்டாக்காரர்களுக்கு இது மேட்டூர் கணக்கு. அணைக்கு வரும் நீர் ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு மாதிரி. அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வந்த நாளிலேயே எல்லாவற்றையும் திறந்தால் ஆடியில் வெள்ளம், தையில் வறட்சி. அதனால்தான் ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும் முறை.

யேலின் முறையும் அதேதான். இந்த ஆண்டு செலவில் 80%, போன ஆண்டு செலவை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி முடிவாகும். மீதி 20% மட்டும் நிதியின் மதிப்பில் 5.25% என்ற கணக்கில் வரும். உதாரணம் பார்க்கலாம். நிதி 1 கோடி, போன ஆண்டு செலவு 5 லட்சம். சந்தை விழுந்து நிதி 75 லட்சமாகிறது. விலைவாசி 5% ஏறுகிறது. இந்த ஆண்டு செலவு? 5.25 லட்சத்தில் 80%, அதாவது 4.20 லட்சம். கூடவே 75 லட்சத்தில் 5.25%-ன் ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 79 ஆயிரம். மொத்தம் 4.99 லட்சம். நிதி கால் பங்கு காலி, ஆனால் செலவு கிட்டத்தட்ட அப்படியே. சந்தை கொண்டாட்டமாக ஏறினாலும் செலவு எகிறாது.

போனஸ், இன்சென்டிவ், ஃப்ரீலான்ஸ் வருமானம், சம்பா அறுவடைப் பணம் என்று ஏறி இறங்கும் வரவு உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் எளிமையாகச் செய்யலாம். கடந்த மூன்று ஆண்டு சராசரி வருமானத்தை எடுத்து, அதை வைத்துச் செலவுத் திட்டம் போடுங்கள். நல்ல ஆண்டில் மிஞ்சுவது அணைக்குள் போகட்டும்.

3. நீங்க ஏற்கெனவே ‘யேல்’தான்

இது பலரும் கவனிக்காத விஷயம். ஒரத்தநாடு பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். நிலம் 60 லட்சம், நகை 15 லட்சம், எஃப்.டி 4 லட்சம், பி.எஃப் 3 லட்சம். மொத்தம் 82 லட்சம். இதில் நாளைக்கே எடுக்கக்கூடியது 4 லட்சம், வெறும் 5%. ஆஸ்பத்திரிச் செலவு 6 லட்சம் வந்தால் நகை அடகுக்குப் போகும். நிலம் விற்கணும்னா பட்டா, வில்லங்கம், பங்காளி கையெழுத்து என்று மாதக்கணக்கு ஆகும்.

சட்டென்று விற்க முடியாத சொத்து பாதிக்கு மேல் என்று யேலைச் சொன்னோம். இந்தக் குடும்பம் யேலையே மிஞ்சிவிட்டது! இவர்கள் வீட்டுப் பிள்ளை சென்னையில் சம்பாதிக்கும் பணத்தை ஏழு ஆண்டு எடுக்க முடியாத ஒரு ஃபண்டிலோ, இன்னொரு மனையிலோ போடுவது ‘பரவலாக்கம்’ ஆகாது. இருக்கும் ஆபத்தையே இரட்டிப்பாக்குவது. இவர்களுக்கு வேண்டியது ஆறு மாதச் செலவுக்கான ரொக்கமும், எளிதாக விற்கக்கூடிய முதலீடும்.

4. ஒரே ஆற்றை நம்பாதீங்க

ராஜராஜன் காலத்தில் கடன் பல ஊர்களுக்குப் பிரிந்தது உண்மை. ஆனால் அந்த ஊர்களில் பல ஒரே காவிரித் தண்ணீரை நம்பியவை. ஊர் எண்ணிக்கை அதிகம், ஆறு ஒன்று. 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கப்படவில்லை. குறுவை போன ஆண்டில் நிலத்து வருமானம் மட்டுமா போனது? உரக்கடை, டிராக்டர் வாடகை, நகைக்கடை, ஊர்ச் சீட்டு எல்லாமே சேர்ந்து படுத்தன.

பத்து மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருப்பதும் இதே மாதிரிதான். பத்திலும் அதே வங்கி, அதே ஐ.டி கம்பெனிப் பங்குகள் இருந்தால் அது ஓர் ஆறுதான். ஐ.டி-யில் வேலை பார்த்துக்கொண்டு, தன் கம்பெனிப் பங்கையும் ஐ.டி ஃபண்டையும் வைத்திருந்தால், சம்பளமும் சேமிப்பும் ஒரே நாளில் அடி வாங்கும். உங்க வேலை எந்த ஆற்றில் இருக்கிறதோ, சேமிப்பு வேறு ஆற்றிலும் இருக்கட்டும்.

5. வட்டியை நெல்லில் அளங்க

‘7% வட்டி’ என்றதும் திருப்தி அடையாதீர்கள். 30% வரி வரம்பில் இருப்பவருக்கு எஃப்.டி-யின் 7% கையில் வரும்போது 5%-ஐக்கூடத் தொடாது. விலைவாசியும் 5% ஏறினால் வளர்ச்சி பூஜ்யம். அதே பணத்துக்கு அடுத்த ஆண்டு எத்தனை மூட்டை அரிசி வாங்கலாம், பிள்ளைக்கு எத்தனை செமஸ்டர் ஃபீஸ் கட்டலாம் என்று பாருங்கள். அதுதான் கோயில் பார்த்த கணக்கு. நீண்ட காலப் பணத்தில் ஒரு பகுதி பங்கு சார்ந்த முதலீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்துக்கு இது பொருந்தாது.

6. கட்டணத்தைக் கவனிங்க

மாதம் 5,000 ரூபாய், 25 ஆண்டு, ஆண்டுக்கு 10% வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது சுமார் 66 லட்சம். அதில் 1.5% கூடுதல் கட்டணமாகப் போனால், அதாவது 8.5% மட்டும் வளர்ந்தால், சுமார் 51.5 லட்சம். வித்தியாசம் கிட்டத்தட்ட 15 லட்சம். நீங்கள் 25 ஆண்டும் கட்டிய மொத்தப் பணமே 15 லட்சம்தான்! யேல் மாதிரி முதலீடு என்று வரும் திட்டங்களில் கட்டணம் அதிகம். நுழைவதற்கே பெரிய தொகை வேண்டும்: மாற்று முதலீட்டு நிதிகளுக்கு செபி வைத்த குறைந்தபட்சம் 1 கோடி, பி.எம்.எஸ்-க்கு 50 லட்சம். ‘உங்களுக்கு மட்டும் 50 ஆயிரத்தில்’ என்று யாராவது கூப்பிட்டால், முதலில் அவர் செபி பதிவைப் பாருங்கள்.

ஸ்வென்சன் தனிநபர்களுக்கு என்ன சொன்னார்?

2005-ல் சாதாரண முதலீட்டாளர்களுக்காகத் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். அதில் ‘யேல் மாதிரி செய்யுங்க’ என்று அவர் சொல்லவில்லை. செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்டுகளில் பரவலாகப் போடுங்கள், சுமார் 70% பங்கு, ரியல் எஸ்டேட் ஃபண்டுகள், 30% அரசுப் பத்திரம், ஆண்டுதோறும் அந்த விகிதத்தைச் சரிசெய்யுங்கள் என்பதுதான் அவர் யோசனை. யேல் மாடலை உருவாக்கியவரே அதை நமக்கு விற்கவில்லை.

காரணம் எளிது. பல்கலைக்கழகத்துக்கு வயதாகாது, கல்யாணம் கிடையாது, வேலை போகாது, அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் வரியும் கிடையாது. 2017-ல்தான் பெரும் நிதிகளுக்கு 1.4% வரி வந்தது. 2025 சட்டம் அதை 8% வரை உயர்த்தியது. நமக்கோ தங்கச்சி கல்யாணம், அப்பா ஆபரேஷன், வீட்டு அட்வான்ஸ் எல்லாமே தேதி போட்டு வரும். என்றென்றைக்கும் இருப்பவர் எடுக்கும் ரிஸ்க்கும், 58-ல் ஓய்வு பெறுபவர் எடுக்கும் ரிஸ்க்கும் ஒன்றாக முடியாது.

இந்த வாரம் செய்யக்கூடியது

ஒரு பேப்பரில் குடும்பச் சொத்து எல்லாவற்றையும் எழுதுங்கள். நிலமும் நகையும் சேர்த்து. ஒரு வாரத்தில் பணமாக்க முடிந்தவை எவை என்று டிக் போடுங்கள். அது ஆறு மாதச் செலவுக்குக் குறைவாக இருந்தால், வேறு எந்த முதலீட்டுக்கும் முன்னால் அதைச் சரிசெய்யுங்கள். தொடக்கூடாத மந்தைக்குத் தனிக் கணக்கு வையுங்கள். ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் விகிதத்தைச் சரிபார்க்கத் தேதி குறியுங்கள். டெல்டாக்காரர்களுக்கு மறக்காத தேதி வேண்டுமென்றால் ஆடிப்பெருக்கு இருக்கிறது. மற்ற 364 நாளும் ஆப்பைத் திறந்து பார்க்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்த தடவை பெரிய கோயிலுக்குப் போகும்போது விமானத்தை மட்டும் செல்ஃபி எடுக்காமல், அதன் அடியில் சுற்றி வெட்டியிருக்கும் எழுத்துகளையும் கொஞ்சம் பாருங்கள். யார் எவ்வளவு கொடுத்தார், யாரிடம் போனது, என்ன வர வேண்டும் என்று எல்லாரும் பார்க்கும்படி எழுதி வைத்திருக்கிறார்கள். உங்க வீட்டுக் கணக்கு அந்த அளவுக்குத் தெளிவாக, உங்க வீட்டில் உள்ளவர்களுக்காவது தெரியும்படி இருக்கிறதா?

(இது பொதுவான தகவலுக்காக மட்டுமே. கணக்குகளில் உள்ள வளர்ச்சி விகிதங்கள் உதாரணத்துக்கானவை, உத்தரவாதம் அல்ல. முதலீட்டு முடிவு எடுக்கும் முன் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரைக் கலந்துகொள்ளுங்கள்.)